பச்சை மனை

கம்பத்திலிருந்து தேனி செல்லும் பேருந்தில், என் முன்னிருக்கைப் பெண் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்: "மதினி, நாங்க வீடு கட்ட வாங்குன எடம் பூங்காவாம்."

"யாரு சொன்னது?"

"பிளான் அப்ரூவலுக்குப் போன எடத்துல சொன்னாக. லேஅவுட் படத்துல பச்சையா இருக்கதெல்லாம் பூங்காவுக்கு ஒதுக்குனதாம். வீடு கட்ட விடமாட்டாகளாம்."

"வாங்கும்போது படத்தைப் பாக்கலயா?"

"பாத்துத்தான் வாங்குனோம். திராட்சைத் தோட்டமா இருந்த எடம்ல. பச்சை போட்டிருந்தா நல்ல மண்ணுன்னு நெனச்சு, இதுதான் வேணும்னு நானேதான் படத்துல தொட்டுக் காட்டுனேன். வித்தவனும் தலையாட்டிட்டான்."

மதினி சிரிப்பை அடக்கினாள். "தை மாசம் உன் வீட்டுல பால் காய்ச்சுக்கு வரலாம்னு இருந்தேன்."

பேருந்து வீரபாண்டியைத் தாண்டியது.

"வித்தவன்கிட்டதான் இப்பப் போறேன். வேற மனை எழுதித் தரணும்."

"தரலைன்னா?"

"அந்தப் பச்சை மனையிலயே அடுப்பு வச்சுப் பால் காய்ச்சுவேன். பூங்காவுக்கு வர்றவளை யாரும் வெரட்ட முடியாதுல்ல."