சீட்டுக்கு நாலு ஓட்டை

ஹேசல்: காலை நல்லா நீட்டு. இப்ப கிளட்சை மிதி.

ரோலண்ட்: மிதிச்சுட்டேன்.

ஹேசல்: முழங்கால் ஸ்டியரிங்ல இடிக்குதா?

ரோலண்ட்: லேசா... இல்ல, இடிக்கல.

ஹேசல்: லேசாவா, இல்லையா? பேனாவை வச்சுக்கிட்டுத் தரையில மண்டி போட்டிருக்கேன். எனக்கும் முழங்கால் இருக்கு.

ரோலண்ட்: எதுக்கு இவ்ளோ அவசரம்? சீட்டை அடுத்த வாரம் மாட்டிக்கலாமே.

ஹேசல்: வியாழக்கிழமை வண்டி, ரோட்டுல ஓடலாமான்னு பாக்குற பரீட்சைக்குப் போகுது. சோதிக்கிற ஆளு எதுல உக்காருவாரு? பக்கெட்டைக் கவுத்துப் போட்டா?

ரோலண்ட்: பக்கெட் லேசுதான். எண்ணூறு கிராம்.

ஹேசல்: அதையும் எடை போட்டுட்டியா?

ரோலண்ட்: ஒரு நாள்... சும்மா.

ஹேசல்: கேக்குக்கு மாவு அளக்குற தராசு அது. ரெண்டு வருஷமா அதுல ஒரு துளி மாவு விழல. நட்டு, போல்ட்டு, பெடல், கதவே இல்லாத வண்டிக்குக் கதவு மாதிரி ஒரு துணி...

ரோலண்ட்: அதனாலதான் வண்டி ஐந்நூத்தி நாப்பத்திரெண்டு கிலோவுல நிக்குது. உன் குட்டிக் காரு ஆயிரத்தி நூறு.

ஹேசல்: என் காருல ஹீட்டர் இருக்கு.

ரோலண்ட்: ஹீட்டர் ஆறு கிலோ.

ஹேசல்: தெரியும். இந்த வண்டி ஹீட்டரைக் கழட்டித் தூக்கிட்டுப் போயி வெளியில வச்சவளே நான்தான்.

ரோலண்ட்: ஒவ்வொரு போல்ட்டுலயும் நட்டுக்கு வெளிய நீட்டிட்டிருந்த மூக்கை அறுத்தேனே, அந்தத் துண்டெல்லாம் போட்டு வச்ச ஜாம் பாட்டில்... நேத்து எவ்ளோ வந்துச்சு தெரியுமா?

ஹேசல்: ஆரம்பிச்சுட்டான்.

ரோலண்ட்: தொள்ளாயிரத்தி இருபது கிராம். ஒரு கிலோவுக்கு எண்பது கிராம்தான் பாக்கி.

ஹேசல்: நீ நாளைக்கு முடி வெட்டிக்க. சரியாப் போயிடும்.

ரோலண்ட்: சிரிக்காத. கண்காட்சியில இதைத் தேர்ந்தெடுத்தது யாரு?

ஹேசல்: நீ அந்தச் சிவப்பு வண்டிக்கு முன்னாடி வாயைப் பொளந்துக்கிட்டு நின்ன. எட்டு சிலிண்டர். உள்ள உக்காந்து ‘வ்ரூம்’னு சத்தம் வேற போட்ட.

ரோலண்ட்: வாயைத் திறக்கவே இல்ல.

ஹேசல்: போட்ட. ஒரு சின்னப் பொண்ணு உன்னைப் பாத்துச் சிரிச்சா.

ரோலண்ட்: நீ காணாமப் போயிட்ட. தேடிக்கிட்டு வந்தா, கடைசி மூலையில, பெயின்ட்கூட அடிக்காத ஒரு சேஸிஸ். அதோட ஒரு முனையை ஒரே கையால தூக்கிக்கிட்டு நிக்கிற. இன்னொரு கையில சாண்ட்விச்.

ஹேசல்: பசிச்சுச்சு.

ரோலண்ட்: அந்தக் கடைக்காரரு முகத்தைப் பாக்கணுமே. ‘இதுதான் வேணும், நாங்க ரெண்டு பேரும் தூக்க முடியுற வண்டி’ன்ன. அன்னிக்கு உன்னைப் பாத்த மாதிரி கல்யாணத்தன்னிக்குக்கூடப் பாக்கல, ஹேசல்.

ஹேசல்: கல்யாணத்தன்னிக்கு நீ வாசல்ல நின்ன காரையில்ல பாத்துக்கிட்டிருந்த... யாரு, ஷெட்டுக் கதவைத் தட்டறது?

டட்லி: பக்கத்து வீட்டு டட்லிதான். வரலாமா?

ரோலண்ட்: வா, வா. வாசல்ல அந்த ஒயரை மட்டும் தாண்டி வா.

டட்லி: அடேயப்பா... பானெட்டு மாட்டினதுக்கு அப்புறம் இப்பத்தான் பாக்கறேன். ரோலண்ட், இது வீட்டுல செஞ்சதுன்னு சொன்னா யாரு நம்புவா?

ரோலண்ட்: எஞ்சினும் கியரும் அந்த இடிபட்ட பழைய ஜப்பான் காருலேர்ந்து வந்தது. மத்ததெல்லாம் நாலு அட்டைப் பெட்டியில வந்த பாகம்.

டட்லி: அந்த நாலு பெட்டி வந்து இறங்குனப்ப என் வீட்டுக்காரி என்ன சொன்னா தெரியுமா? ‘பத்து வருஷம் கழிச்சும் பெட்டியாத்தான் இருக்கும்’னா.

ஹேசல்: நானும் அதைத்தான் சொன்னேன்.

டட்லி: இந்த ஓரமெல்லாம் எப்படி இவ்ளோ வழவழன்னு...

ரோலண்ட்: அது ஹேசல் வேலை. எங்கயாவது ஒரு ஓரம் கூர்மையா இருந்தாலும் பரீட்சையில தள்ளிடுவாங்க. ஆளு ஒரு சின்ன உருண்டையை வச்சு உரசி உரசிப் பாப்பாரு. நீ விரலை ஓட்டு, டட்லி. வண்டியைச் சுத்தி ஓட்டு. எங்கயாவது கீறுச்சுன்னா சொல்லு.

டட்லி: ...கீறல.

ரோலண்ட்: கீழ கையை விட்டுப் பாரு. யாருமே பாக்காத இடம்.

டட்லி: அங்கயும் வழவழன்னு இருக்கு.

ரோலண்ட்: நானூத்திப் பதினோரு ஓரம். நாள் முழுக்க வீடு வீடாப் போயி நோயாளிக்குக் கட்டுப் போட்டுட்டு வந்து, சாயங்காலம் அரத்தை எடுப்பா. நான் பண்ணியிருந்தா அம்பதாவதுல விட்டுட்டு ஓடியிருப்பேன்.

ஹேசல்: போதும். டட்லி, இவன் பத்தவச்ச இடத்தைப் பாத்தியா? இங்க... இந்த இணைப்பு. மூணு தடவை அறுத்துப் போட்டுட்டு நாலாவது தடவை வச்சான். கோடு போட்ட மாதிரி வந்திருக்கு. எனக்கு ராத்திரி தூக்கம் வரலன்னா இந்த இணைப்பைத்தான் நினைச்சுக்குவேன்.

டட்லி: நான் நடுவுல இருக்கேன், ஞாபகம் இருக்கட்டும்.

ரோலண்ட்: உக்காந்து பாக்குறியா?

டட்லி: பாக்கலாமே. எந்தக் காலை முதல்ல...

ஹேசல்: வலது கால். இல்ல, இடுப்பை அங்க வைக்காத. டட்லி, மூச்சை இழு.

டட்லி: இழுத்தாச்சு. இதுக்கு மேல இழுத்தா திரும்ப வராது.

ரோலண்ட்: விடு, வெளிய வா. கையைக் குடு... நீ ஏறினா வண்டி எடை கால்வாசி கூடிடும்.

டட்லி: சீட்டைப் பின்னாடி தள்ளுனா ஏறிடுவேன்.

ஹேசல்: தள்ள முடியாது. நகர்ற மாதிரி வைக்கணும்னா அடியில தண்டவாளம் மாதிரி ரெயில் வேணும். மூணு கிலோவாம். இவரு ஒத்துக்குவாரா? நாலு ஓட்டை, நாலு போல்ட்டு, முடிஞ்சுது. யாரு ஓட்டுறாங்களோ அவங்க காலை அளந்து ஒரே இடத்துல.

டட்லி: அப்ப இந்த ஒட்டகத்தோட காலுக்குத்தான்.

ஹேசல்: ஆமா. அதான் இப்ப கோடு போட்டுக்கிட்டிருக்கேன். இவன் அளவுல போல்ட்டு போட்டா எனக்குப் பெடலே எட்டாது.

டட்லி: லைசென்ஸ் எப்ப திரும்ப வருது, ரோலண்ட்?

ரோலண்ட்: ம்... பாக்கணும்.

ஹேசல்: பன்னெண்டு நாள்ல. ஆபீஸ்ல விழுந்து சரியா ஒரு வருஷம் ஆகும். ஒரு வருஷம் வலிப்பு வராம இருந்தா குடுத்துடுவாங்க. பேப்பரெல்லாம் எழுதி அனுப்பியாச்சு.

டட்லி: அந்த ஒரு வருஷமும் விடாம மனுஷன் வண்டியைக் கட்டி முடிச்சுட்டான். நானா இருந்தா சோபாவுல படுத்துக்கிட்டு அழுதிருப்பேன். பெரிய ஆளுய்யா நீ.

ரோலண்ட்: அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல.

டட்லி: முதல் ஓட்டம் எங்க? பக்ஸ்டன் மேட்டுக்கா?

ஹேசல்: வேற எங்க? அந்த வளைவையெல்லாம் ரெண்டு வருஷமாத் தூக்கத்துல திருப்பிக்கிட்டிருக்கான். நான் பக்கத்து சீட்டு. கம்பளித் தொப்பி பின்னி வச்சுட்டேன்.

ரோலண்ட்: ட்ரெய்லரை எத்தனை மணிக்குக் கொண்டு வர்ற?

டட்லி: வியாழக்கிழமை காலையில ஆறரை. டீ மட்டும் சூடா இருக்கட்டும். வரேன், ஹேசல்.

ஹேசல்: வா, டட்லி... சரி, நீ இறங்கிக்க. கோடு போட்டாச்சு. ட்ரில்லை எடுக்கறேன்.

ரோலண்ட்: நீயா போடப் போற?

ஹேசல்: ஏன்? எரிபொருள் டேங்கை மாட்ட எட்டு ஓட்டை நான்தானே போட்டேன்.

ரோலண்ட்: அதுக்குச் சொல்லல. கொஞ்சம் நில்லு. பெஞ்சுக்கு அடியில ஒரு பெட்டி இருக்கு...

ஹேசல்: எது? இதுவா? கனக்குதே. என்ன இது?

ரோலண்ட்: பிரிச்சுப் பாரு.

ஹேசல்: ...ரோலண்ட். இது ரெயில்.

ரோலண்ட்: ஆமா.

ஹேசல்: சீட்டு நகர்ற ரெயில்.

ரோலண்ட்: மூணு கிலோ இருநூறு. பெட்டியோட.

ஹேசல்: பிரேக் பெடல்ல ஆறு ஓட்டை போட்டு நாப்பது கிராம் மிச்சம் பண்ணவன் நீ. சாவிக் கொத்துல வீட்டுச் சாவி எதுக்குன்னு கேட்டவன்.

ரோலண்ட்: யோசிச்சுப் பாத்தேன். நீயும் ஓட்டலாம், நானும் ஓட்டலாம். முன்னாடி இழுத்துக்கிட்டா உனக்கு எட்டும்.

ஹேசல்: நான் கேக்கவே இல்லையே.

ரோலண்ட்: கேக்கல. இருந்தாலும்...

ஹேசல்: எப்ப வாங்குன?

ரோலண்ட்: புதன்கிழமை. பஸ்ல போயிட்டு வந்தேன்.

ஹேசல்: புதன்கிழமை.

ரோலண்ட்: ஏன்?

ஹேசல்: ஒண்ணுமில்ல. வேண்டாம், ரோலண்ட். ரெண்டு வருஷமா ஒரு ஒரு கிராமாச் செதுக்கிட்டு கடைசியில இதைக் கொண்டு வந்து வைக்காத. கோடு இருக்கு. உன் அளவுக்கே போடறேன்.

ரோலண்ட்: ஹேசல்.

ஹேசல்: கண்ணாடியை மாட்டிக்க. தூள் பறக்கும்.

ரோலண்ட்: நிறுத்து. ட்ரில்லைக் கீழ வை.

ஹேசல்: ...வச்சுட்டேன்.

ரோலண்ட்: உன் அளவுக்குப் போடு.

ஹேசல்: என் அளவுக்குப் போட்டா நீ காலை மடக்கிக் காதுக்குப் பக்கத்துல வச்சுக்கணும்.

ரோலண்ட்: தெரியும்.

ஹேசல்: அப்புறம் நீ இதை ஓட்டவே முடியாது.

ரோலண்ட்: தெரியும். உனக்கு நல்லா ஓட்ட வரும், ஹேசல். போன பனியில பால்வண்டிகூடத் திரும்பிப் போச்சு. நீ மேட்டு மேல இருக்கிற அந்தக் கிழவருக்கு ஊசி போட்டுட்டு வந்து ‘பாதை கொஞ்சம் வழுக்குது’ன்ன. உன்னை மாதிரி நான் ஓட்டினதே இல்ல. இந்த வண்டிக்கு நீதான் சரி.

ஹேசல்: புகழ்ந்தது போதும். ஏன்னு கேட்டேன்.

ரோலண்ட்: அதான் சொன்னேனே.

ஹேசல்: அது இல்ல. நான் எங்கயும் போகல. மெதுவாச் சொல்லு.

ரோலண்ட்: செவ்வாய்க்கிழமை... நீ காலையில கிளம்பிப் போனதுக்கு அப்புறம், இங்க பிரேக் குழாயைப் பாத்துக்கிட்டிருந்தேன். வாயில ஒரு மாதிரி இரும்பு ருசி வந்துச்சு. அவ்ளோதான் ஞாபகம். கண்ணைத் திறந்தா தரையில கிடக்கேன். நாக்கு கடிபட்டிருக்கு. எவ்ளோ நேரம்னு தெரியல.

ஹேசல்: ம்.

ரோலண்ட்: நீ ‘ஏதோ எடுக்கத் திரும்பி வந்தேன்’னு சொல்லிக்கிட்டு டீயோட உள்ள வந்தியே... ‘கண்ணசந்துட்டேன்’னு சொன்னேன். பொய்.

ஹேசல்: ம்.

ரோலண்ட்: யாரும் பாக்கல, ஹேசல். பன்னெண்டு நாள்... இல்ல, அன்னிக்கு இன்னும் பதினாறு நாள் இருந்துச்சு. வாயை மூடிக்கிட்டு இருந்தா லைசென்ஸ் வந்துடும். திரும்ப முதல்லேர்ந்து ஒரு வருஷம்னு நினைச்சாலே... என்னால தாங்க முடியல. நாலு நாளா அதையேதான் நினைச்சுக்கிட்டிருந்தேன். நல்லா ஓட்டுவேன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். மறுநாளே பயந்துபோயி ரெயிலை வாங்கினேன். எதுக்கும் இருக்கட்டும்னு.

ஹேசல்: அப்புறம் இப்ப ஏன் சொன்ன? ட்ரில்லு கையில இருந்துச்சு. ஒரு நிமிஷம் சும்மா இருந்திருந்தா ஓட்டை விழுந்திருக்கும்.

ரோலண்ட்: ‘நான் பக்கத்து சீட்டு’ன்னு டட்லிகிட்ட சொன்னியே. அந்த மேட்டு வளைவுல, நீ பக்கத்துல உக்காந்திருக்கிறப்ப, வாயில அந்த ருசி வந்தா... முடியல, ஹேசல். வண்டி போகட்டும். திட்டணும்னா திட்டு.

ஹேசல்: நான் திட்டல.

ரோலண்ட்: ஒண்ணு மட்டும் புரியல. முழிச்சப்ப ஒருக்களிச்சுப் படுத்திருந்தேன். தலைக்கு அடியில ஒரு கோட்டு மடிச்சு இருந்துச்சு. விழப் போறோம்னு தெரிஞ்சு நானே வச்சுக்கிட்டேன் போல. ஆனா அப்படி வச்ச மாதிரி ஞாபகமே இல்ல.

ஹேசல்: வச்சது நான், ரோலண்ட். நாலு நிமிஷம் உன் பக்கத்துல உக்காந்து எண்ணிக்கிட்டிருந்தேன், நீ அசைய ஆரம்பிச்சதும்தான் டீ போடப் போனேன். காலையிலேர்ந்து உன் அளவுக்குக் கோடு போட்டுக்கிட்டே இருந்தேன், நீயாச் சொல்லுவன்னு தெரியும்... திங்கட்கிழமை ஒன்பதரைக்கு டாக்டரைப் பாக்க ரெண்டு பேருக்கும் நேரம் வாங்கி வச்சிருக்கேன்.