எழும்பாத குதிகால்

— பந்து இந்தத் தடவை நூல் பிடிச்ச மாதிரி போச்சு. போதுமா, டாக்டரம்மா?

— பந்தை நான் பாக்கலண்ணா. உன் காலைத்தான் பாக்கறேன். இன்னொண்ணு அடி.

— முப்பது ஆச்சு. ஆபரேஷன் பண்ண இடது முட்டி தாங்குமா, தாங்காதா? அதை மட்டும் சொல்லு. நாளன்னைக்கு கோல்ஃப் போட்டி.

— தாங்கும். மட்டையை ஓங்கும்போது எடை வலது காலுக்குப் போகுது. இறக்கும்போது இடது கால் தரையை அழுத்தி நிமிருது. நீ நிக்கற, அழுத்தம் அளக்கற தகடு அந்தக் காலுக்கு உன் எடைக்கு மேலயே காட்டுது.

— அப்பாடா. அப்புறம் ஏன் மூஞ்சிய இப்படி வெச்சிருக்க?

— ரெட்டை மாட்டு வண்டிக்காரன் ஒருத்தன் நொண்டி மாட்டையே பாத்துப் பாத்து ஓட்டினானாம். நடுவழியில படுத்தது மத்த மாடு.

— கதை அளக்காத. விஷயத்தைச் சொல்லு.

— வலது கால் தள்ளவே இல்ல. அடிச்சு முடிக்கறப்ப அந்தக் குதிகால் தானா எழும்பி, நீ விரல் நுனியில நிக்கணும். உனக்கு எழும்பல.

— களைப்பா இருக்கும்.

— முதல் அடியிலயும் எழும்பலண்ணா.

— சரிதான், முட்டிக்குப் பயந்து நானே அடக்கி அடிச்சிருப்பேன்.

— அப்படியே இருக்கட்டும். மட்டையை வை. சுவரைப் பிடிச்சுக்கிட்டு, வலது காலை மட்டும் ஊனி, நுனியில எழும்பு பாப்போம்.

— இதென்ன பிரமாதம்... இரு. இதோ... என்ன இது, சொன்ன பேச்சைக் கேக்க மாட்டேங்குது.

— அந்த ஷூவைத் திருப்பிப் பாரு. நுனி மட்டும் தேஞ்சிருக்கு. நடக்கும்போது கால் இழுபடுது.

— அப்பா செருப்பு இப்படித்தான் தேயும்.

— ம்.

— வாசப்படியில தடுக்கித் தடுக்கி விழுவாரு. நாம ரெண்டு பேரும் சிரிப்போம். நாலே வருஷம், அப்புறம் கட்டிலோட... வேண்டாம். நீ ஒண்ணும் சொல்லாத.

— நான் ஒண்ணும் சொல்லலயேண்ணா.

— உனக்கென்ன, நாற்காலியில உக்காந்துக்கிட்டு ஏவிடுவ. நான் வந்ததுலேர்ந்து நீ எழுந்திரிக்கவே இல்ல. வா, நீ எழும்பிக் காட்டு.

— போன வாரமே இதே தகட்டுல நின்னு பாத்துட்டேன். என் குதிகால் எழும்பலண்ணா. உன்னுதாவது எழும்பிடாதான்னுதான் முப்பது தடவை அடிக்க வெச்சேன்.