நூறு கிலோமீட்டருக்கு எட்டு

வேல்பாண்டி: சரியா ஞாபகம் இல்ல ஜோதி… காரு வாங்குறப்ப மைலேஜ் ஆறுன்னு காட்டுச்சு. அஞ்சரையாக்கூட இருந்திருக்கும்.

நாகஜோதி: ஆறுதான். இப்ப?

வேல்பாண்டி: எட்டு. காரு தேறிக்கிட்டு வருது. இதப் போயி அழகுமலைகிட்ட வித்துத் தள்ளிவிடப் பாக்குறியே.

நாகஜோதி: அவுக சாயந்தரம் பாக்க வாராக. பெட்ரோல் குடிக்கிற காரு நமக்கு எதுக்கு?

வேல்பாண்டி: குடிக்குதா? அதான் லிட்டருக்கு எட்டு ஓடுதே…

நாகஜோதி: எட்டு ஓடுனா அது காரா, லாரியாங்க? நூறு கிலோமீட்டருக்கு எத்தன லிட்டருன்னு காட்டுது அது. நமக்கு வித்த குமுளிக்காரரு அப்பிடி மாத்தி வச்சிருக்காரு. நம்பரு ஏறுனா மைலேஜ் எறங்குதுன்னு அர்த்தம்.

வேல்பாண்டி: தலகீழால்ல இருக்கு…

நாகஜோதி: நூற எட்டால வகுங்க.

வேல்பாண்டி: இப்பத்தான கடையிலருந்து வந்து உக்காந்தேன்… பன்னெண்டு. பன்னெண்டரை.

நாகஜோதி: ஆறால?

வேல்பாண்டி: பதினாறு சொச்சம்… டயர்ல காத்து கொறஞ்சிருக்கும்.

நாகஜோதி: ஜெபராஜ் பட்டறையில எல்லாம் பாத்துட்டாக. ஒரு கொறையும் இல்லையாம்.

வேல்பாண்டி: ஏசி போடுறேன்ல. அடிக்கிற வெயிலுக்கு…

நாகஜோதி: ஓடுறப்பப் போட்டா இம்புட்டு ஏறாதாம். நின்ன எடத்துலயே எஞ்சின் ஓடிக்கிட்டுக் கெடந்தாத்தான். கிலோமீட்டரு கூடாது, பெட்ரோலு மட்டும் போகும்.

வேல்பாண்டி: அது பட்டறையா, போலீஸ் ஸ்டேஷனா?

நாகஜோதி: எங்கன நிறுத்துறீக? சின்னமனூர்லருந்து தேனி கடை. கடையிலருந்து வீடு. தூரத்துல ஒண்ணும் கூடல. அப்ப போற வழியிலதான்.

வேல்பாண்டி: வித்துராத ஜோதி. காரு இல்லாம முடியாது.

நாகஜோதி: அதத்தான் கேக்குறேன். ஏன் முடியாது?

வேல்பாண்டி: … வீரபாண்டி. அனுசுயா வீட்டுக்குக் கொஞ்சம் தள்ளி.

நாகஜோதி: நம்ம மக அந்த ரூபனச் சர்ச்சுல கட்டிக்கிட்ட அன்னைக்கு, அவ வாசப்படி மிதிக்க மாட்டோம்னு ரெண்டு பேரும் சேந்துதான சொன்னோம்…

வேல்பாண்டி: நான் மிதிக்கலையே. அவதான் பிள்ளையத் தூக்கிட்டு வந்து கார்ல உக்காருவா. பச்சப்பிள்ள… வேர்க்கும். அதான் ஏசிய அணைக்கல. சொல்லிருப்பேன். நீ தாங்க மாட்டேன்னு… ஏதாச்சும் பேசு ஜோதி. அழகுமலைக்கு என்ன சொல்ல?

நாகஜோதி: அழகுமலையும் வரல, யாரும் வரல. நீங்களா வாயத் தொறப்பீகளான்னு பாத்தேன்… ஏசியக் கொறச்சு வைங்க. பின்சீட்டுக்கு அடியில கெடந்த ஒத்தச் சாக்ஸ போன மாசமே தொவச்சு வச்சிட்டேன். பிள்ளைக்கு ஒரு காலு சில்லுன்னு இருக்கும்ல.