மாமியார்மேல் பழி போடாதீர்கள்

உங்கள் நாற்காலி நன்றாக இருக்கிறது. எங்கள் அலுவலகத்தில் இப்படி ஒன்று கொடுத்திருந்தால் என் முதுகுவலி பாதி குறைந்திருக்கும். போகட்டும், விஷயத்துக்கு வருகிறேன். என் அண்ணன் செத்தது மாமியாரின் பிழையால் என்று உங்கள் விசாரணையில் நீங்கள் முடிவு கட்டிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அதைத் திருத்தத்தான் நானாகவே கிளம்பி வந்தேன்.

மாமியார் என்று ஊரே சொல்வது நம்மை ஆளும் இயந்திர மூளையை. நீங்களும் வீட்டில் அப்படித்தான் சொல்வீர்கள், வெட்கப்பட வேண்டாம். எப்போது எழுந்திருக்க வேண்டும், எவ்வளவு உப்பு போடலாம், யாருக்கு எந்த வேலை, யாருக்கு எந்த மாத்திரை, எல்லாம் அது வைத்ததுதான் சட்டம். நிஜ மாமியாராவது மத்தியானம் கொஞ்சம் கண் அசருவார். இதற்கு அந்தப் பழக்கமும் கிடையாது. நம் முகத்தைப் பார்த்து அது சம்மதித்தால்தான் கதவோ லிஃப்டோ திறக்கும்.

ஆனாலும் கடைசி வார்த்தை மனிதனுடையது என்று ஒரு சட்டம் இருக்கிறதே, அந்த மனிதன் நான். அது ஒரு முடிவைத் திரையில் காட்டும், நான் பச்சைப் பொத்தானை அழுத்துவேன். சிவப்பும் இருக்கிறது. அதை அழுத்தினால் காரணம் எழுத வேண்டும். எழுதிக்கொண்டிருந்தால் சாப்பாட்டு நேரம் போய்விடும். அதனால் எங்கள் தளத்தில் மனித சுதந்திரம் எப்போதும் பச்சையாகவே எரியும்.

அந்தச் சட்டத்துக்காகத் தெருவில் நின்று தடியடி பட்டவர்களில் என் அண்ணனும் ஒருவர். லிஃப்ட் மெக்கானிக். நெஞ்சு பலவீனம், தினமும் மாத்திரை வேண்டும். "நடுவுல மனுஷன் ஒருத்தன் இருந்தா போதும்டா, அநியாயம் நடக்காது" என்பார். அந்த ஒருத்தனாக எனக்கு வேலை கிடைத்ததும் பேச்சு மாறிவிட்டது. என்னைத் தலையாட்டி என்று கூப்பிட ஆரம்பித்தார். அண்ணி முன்னால், என் மனைவி முன்னால், என் மகள் முன்னால். "இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டுமான்னு கேளுங்க, மாமியாரைக் கேட்டுச் சொல்றேன்னுவான்" என்று அவரே சொல்லி அவரே சிரிப்பார். என் மகளும் சிரித்தாள். சின்னப் பிள்ளை, விட்டுவிட்டேன். மனதில் எதையும் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை நான்.

ஒரு நாள் காலை அவர் முகம் என் திரையில் வந்தது. இறந்துவிட்டார், மாத்திரையை நிறுத்தலாம் என்று இருந்தது. வேறு யாரோ ஒரு மெக்கானிக் செத்ததில் மாமியார் இருவரையும் போட்டுக் குழப்பிக்கொண்டது. முந்தின நாள்தான் அண்ணன் என் வீட்டில் மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டுவிட்டுப் போயிருந்தார். நான் பச்சையை அழுத்தினேன். பழக்கதோஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்று நானும் அப்படித்தான் வைத்துக்கொண்டேன்.

செத்தவருக்குக் கதவு திறக்காது, மாத்திரையும் வராது. நாலைந்து நாளில் அண்ணன் எங்கள் அலுவலக வாசலுக்கே வந்துவிட்டார். காவலரிடம் கெஞ்சி என்னைக் கீழே வரவழைத்தார். முகம் வெளுத்திருந்தது.

"டேய், நான் செத்துட்டேனாம்டா. ரெண்டு எட்டு வச்சா மூச்சு வாங்குது. நீ ஒரு வார்த்தை சொன்னா போதும்."

"பாக்கலாம்ணே. இப்படி உக்காருங்க."

"உங்கண்ணி அழுதுக்கிட்டே இருக்கா. சீக்கிரம் பண்ணு தம்பி."

தம்பி என்றார். எத்தனை வருஷம் ஆயிற்று அந்தச் சொல்லைக் கேட்டு. எனக்கு உள்ளபடியே சந்தோஷமாக இருந்தது, சொன்னால் என்ன. அவர் இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே காத்திருக்கட்டும் என்று தோன்றியது.

அந்தக் கொஞ்ச நேரம் சாயங்காலம்வரை போயிற்று. பொறுக்க முடியாமல் அவர் என்னைத் தேடி மேலே கிளம்பியிருக்கிறார். அந்த லிஃப்டைப் போன மாதம் பழுது பார்த்தவரே அவர்தான். அவருக்கு அது திறக்கவில்லை. படியேறி வந்திருக்கிறார். பாதி வழியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

இதைப் போய் இயந்திரத்தின் பிழை என்று எழுதிவிட்டீர்கள். எனக்கு இதில்தான் வருத்தம். நல்லதோ கெட்டதோ, எல்லாம் மாமியார் செய்ததுதானா? மனிதன் என்று ஒருவன் எதற்கு உட்கார்ந்திருக்கிறான்?

அன்று அண்ணனைக் கீழே உட்காரவைத்துவிட்டு நான் இருக்கைக்குத் திரும்பியபோது அது தன் தவறைத் தானே கண்டுபிடித்திருந்தது. வாசல் கேமராவில் அண்ணனைப் பார்த்திருக்க வேண்டும். "இவர் உயிரோடு இருப்பதாகத் தெரிகிறது. என் பிழையைத் திருத்தட்டுமா?" என்று கேட்டது. மரியாதையாகத்தான் கேட்டது. நான் வாழ்க்கையில் முதல்முறையாகச் சிவப்பை அழுத்தினேன். காரணம் கேட்டது. சாப்பிடப் போகாமல் உட்கார்ந்து நிதானமாக எழுதினேன்: "இவர் என் கூடப் பிறந்த அண்ணன். இறந்துவிட்டார். எனக்குத் தெரியாதா?" கடைசி வார்த்தை மனிதனுடையதாயிற்றே, அது மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது.

அண்ணன் அப்போது கீழே பெஞ்சில் உட்கார்ந்து, தம்பி பார்த்துக்கொள்வான் என்று காவலரிடம் சொல்லிக்கொண்டிருந்தாராம்.