காலியாகவே ஓடிய கார்

— கயிறத் தாண்டாதீங்கம்மா! போர்டப் பாருங்க, தொடக் கூடாது, யாருமே உக்காராத வண்டின்னு போட்டிருக்கு.

— தொடல வாதிம் தம்பி. உள்ள உக்காரத்தான் போறேன்.

— அது அதவிட மோசம்! இந்த மியூசியத்துல மொத்தம் எட்டு பழைய காரு வச்சிருக்கேன். மத்த ஏழுல எதுல வேணா ஏறி போட்டோ எடுத்துக்கங்க. இந்தக் கறுப்பு ஸில் கார் மட்டும் வேணாம். சோவியத் காலத்துல தலைவருங்க வண்டிக்குப் பின்னாலயே மாத்து வண்டியா ஓடுனது. முன்னால போறது மக்கர் பண்ணினா ஏறிக்கறதுக்கு. அது ஒரு நாளும் மக்கர் பண்ணல. அதனால இதோட பின்சீட்டுல இன்னிக்கு வரைக்கும் ஒரு மனுசன் உக்காந்ததில்ல. ஜனங்க டிக்கெட் எடுத்து வர்றதே அதப் பாக்கத்தான்.

— எனக்கே கதை சொல்றியா? பத்தொன்பது வருசம் இத ஓட்டுனதே என் வீட்டுக்காரர்தான். இதோ நிக்கிறாரே, ஷூ மேல உன் பிளாஸ்டிக் உறைய மாட்டிக்கிட்டு! பிரோஷா, வாயத் திறந்து சொல்லேன்.

— நெசமாவா ஐயா?

— ம். டிரைவர் கதவ லேசாத் தூக்கித்தான் சாத்தணும். இப்பவும் அப்படித்தானா?

— அடக் கடவுளே, அப்படியேதான்!

— கதவுப் பேச்சு போதும். கேளு தம்பி. காலியாப் போற வண்டிக்கு விடிகாலைல எந்திரிச்சு சட்டைக்கு இஸ்திரி போடுவாரு. வீட்டுக்கு வந்தா வாயில கொழுக்கட்டை. இன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு கேட்டா, தலையாட்டல். சூப்புக்கு உப்பு போதுமான்னு கேட்டாலும் அதே தலையாட்டல்!

— கிளாவா, வேலைல சேரும்போதே ரகசியம் காப்பேன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருந்தேனே...

— பீட்ரூட் சூப்புல என்னய்யா அரசாங்க ரகசியம்? எனக்குச் சேர வேண்டிய பேச்சையெல்லாம் இந்த வண்டி தின்னுடுச்சு. மெட்ரோவுல நசுங்கி நசுங்கி நான் மில்லுக்குப் போனேன். கொட்டுற பனியிலகூட ஒரு தடவ ஏத்திக்கல இவரு. இன்னிக்கு இதுல உக்காராம நான் வீடு திரும்பறதில்ல. நீ பூட்டினாலும் சரி, உள்ளயே கெடக்கறேன்.

— யம்மா, உங்க பிடிவாதத்த எந்தக் கயிறும் தடுக்காது. சரி, ஓட்டினவரோட சம்சாரம். போர்ட மாத்தி எழுதிக்கறேன். ஏறுங்க.

— வேணாம். கயிற மாட்டு தம்பி.

— பிரோஷா! அவனே விட்டுட்டான், உனக்கென்ன கேடு?

— அங்க இடமில்ல கிளாவா.

— இடமில்லையா? ஒரு குடும்பமே படுத்துத் தூங்கலாம்!

— அது காலியா ஓடல. தினமும் ஒருத்தி உக்காந்து வந்தா.

— ஐயய்யோ! அப்ப என் போர்டு?

— நீ சும்மா இரு தம்பி. யாருய்யா அவ? பேரச் சொல்லு. இப்பவே சொல்லு!

— நீதான். வீட்டுல நாக்கு எழும்பாது. ஏதாவது வாய் தவறிடுமோன்னு பயம். ஸ்டியரிங்கப் பிடிச்சதும் உன்ன அந்தப் பச்சைக் கோட்டோட பின்னால உக்கார வச்சுக்குவேன். கண்ணாடியப் பாத்து எல்லாத்தையும் சொல்லுவேன். யாரு திட்டினா, எதுக்கு பயந்தேன், உன் சூப்பு எவ்வளவு நல்லா இருந்துச்சு, எல்லாம். நீயும் குறுக்க பேசாம கேப்ப. இப்ப நீ ஏறினா அவ போயிடுவா.

— அந்தப் பச்சைக் கோட்டோடவா...

— கிளாவா? அழறியா?

— எவ அழறா? கதவத் திற. அவள நகந்து உக்காரச் சொல்லு. மிச்சத்த ரெண்டு பேருமாக் கேக்கறோம்.