வேட்டி போர்த்திய விஷ்ணுகிரந்தி

தலைமை ஏற்றிருப்பவரும், "எப்போது முடிப்பீர்கள்?" என்று இன்று ஒரு நாள் மட்டும் என்னைக் கேட்காமல் இருப்பவருமான எங்கள் தெரு நலச் சங்கத் தலைவி அந்தோணியம்மாள் அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்த பெருமக்களே! சாம்பாரை இறக்கிவைத்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! இறக்கிவைக்க மறந்து வந்திருக்கும் தாய்மார்களே! தறியை நிறுத்திவிட்டு வந்த நண்பர்களே! கூட்டம் முடிந்ததும் பொங்கல் உண்டு என்று நம்பி வந்த அன்பர்களே! எதிரணியின் ஏந்தல், என் பழைய மாணவர் வீரபாகு அவர்களே! காலை ஆறு மணியிலிருந்து ஆரணிக்கு மேலே அசையாமல் அமர்ந்திருக்கும் அருமை மேகமே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

"சார், மேகத்துக்கெல்லாம் வணக்கம் சொல்லிகினு இருந்தா எப்ப மேட்டருக்கு வருவீங்க?" என்கிறார் வீரபாகு. எட்டாம் வகுப்பில் இவர் என்னை ஒரு கேள்வி கேட்டதில்லை. இன்று கேட்கிறார். மகிழ்ச்சி.

மேட்டர் இதுதான். மேடைக்குக் கீழே கயிறு கட்டியிருக்கிறதே நாலு முழம் நிலம், அது தெருவின் பொது இடம். நாள் முழுக்க வெயில் விழும் ஒரே இடமும் அதுதான். அதில் நம் தனசேகரன் ஒரு செடி வளர்க்கிறார். வீரபாகுவுக்கு அங்கே வண்டி நிறுத்தக் கொட்டகை வேண்டும். போன கூட்டத்தில் அவர் என்ன சொன்னார்? "ஒன்னேகால் வருசமா பூக்கும், பூக்கும்ன்றாரு. அடுத்த கூட்டம் முடியறதுக்குள்ள ஒரே ஒரு பூவ காட்டட்டும். இல்லன்னா மறுநாளே கொட்டா போட்டுடுவேன்!" அதைத் தீர்மானமாக எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டோம்.

அந்தக் கூட்டம் இது. கடைசிப் பேச்சாளன் நான். செடியில் பதினோரு மொட்டுகள் இருக்கின்றன. வெயில் பட்டால் விரியும். நண்பகல் தாண்டினால் வெயிலே வந்தாலும் விரியாது. இப்போது மணி ஒன்பதே முக்கால். வானத்தைப் பாருங்கள். என் பேச்சு ஏன் நீளப் போகிறது என்று புரிகிறதா?

புரிந்தவர்கள் கை தட்டுங்கள். மெதுவாகத் தட்டுங்கள். நிறைய நேரம் தட்டுங்கள்.

அது என்ன பூ? ரோஜாவா? இல்லை! நர்சரியில் வாங்கியதா? இல்லவே இல்லை! விஷ்ணுகிரந்தி! கலசப்பாக்கம் பக்கத்துச் சரளை மேட்டில், விதைத்தவர் இல்லாமல், விசாரித்தவர் இல்லாமல், வெயிலை விரும்பி விளைந்து கிடப்பது. தரையோடு தவழும். சட்டைப் பொத்தான் அளவே பூ. நிறமோ நீலம்! முப்பது ஆண்டாகப் பட்டு நூலுக்குச் சாயம் போடும் தனசேகரன் அதைப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் சொன்னார்: "சார், இந்த நீலம் என் தொட்டியில ஒரு நாளும் எறங்கல சார்." காய்ந்த காய்களைப் பொறுக்கிவந்து விதைத்தார். முளைத்தது.

அதுவரை சரி. அதற்குப் பிறகுதான் அவர் தொழில் அவரைக் கெடுத்தது.

சாயம் போட்ட பட்டை நாம் எங்கே காயவைப்போம்? நிழலில்! வெயிலில் வைத்தால்? வெளுத்துப்போகும்! இதை ஆரணியில் யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். நூலின் நீலத்துக்கே இந்தக் கதி என்றால் பூவின் நீலம் என்னாகும் என்று தனசேகரன் பதறினார். காலை ஏழு மணிக்குத் தன் வெள்ளை வேட்டியைச் செடிமேல் போர்த்துவார். மாலை ஆறு மணிக்கு எடுப்பார். பகலில் மட்டுமே பூக்கும் செடிக்குப் பகல் முழுக்க வேட்டி!

அவர் துணைவியார் சுபலட்சுமி கேட்டிருக்கிறார்: "ஏங்க, செடிக்கு வேட்டி கட்டியாச்சு. துண்டு எப்ப போடப் போறீங்க?"

"நீ சும்மா இரு. கலரு பூடும்."

"வராத கலரு எங்கங்க போவும்?"

அம்மா, முப்பத்து மூன்று ஆண்டு அறிவியல் நடத்தினேன். இவ்வளவு நல்ல கேள்வியை நான் எந்த வினாத்தாளிலும் கேட்டதில்லை.

வேட்டியோடு விட்டாரா? செடி தவழ்வது அவருக்குப் பிடிக்கவில்லை. தறிக்குப் போகும் பாவு நூல் துவண்டால் என்ன செய்வோம்? கஞ்சி போடுவோம், நூல் விறைப்பாகும். ஊற்றினார் கஞ்சியை! செடி நிமிர்ந்ததா? இல்லை. எறும்பு வந்ததா? வந்தது! கோழி வந்ததா? வந்தது! பக்கத்துத் தெரு ஆடு வந்ததா? வந்தது! "இன்னா தனசேகரு, ஊறுகா வெக்கலியா?" என்று கேட்டுக்கொண்டு வீரபாகுவும் வந்தார்!

சிரிக்காதீர்கள். சரி, சிரியுங்கள், அதற்கும் கொஞ்சம் நேரமாகும்.

சித்திரையில் செடி சருகாகிவிட்டது. செத்தே போய்விட்டதென்று வீரபாகு தெருவுக்கே மோர் கொடுத்தார். நானும் இரண்டு டம்ளர் குடித்தேன். ஆனால் அது ஓராண்டில் ஓய்ந்துபோகும் செடியா? மேலே காய்ந்தாலும் மண்ணுக்குள் வேர் விழித்திருக்கும். ஆடியில் இரண்டு மழை. அடியிலிருந்து ஆறு தளிர்! "மோரு வேஸ்டா பூட்ச்சே சார்" என்று வீரபாகு என்னிடம் வருந்தினார்.

அப்புறம்தான் தனசேகரன் என்னைத் தேடி வந்தார். "சார், பேஜாரா கீது. எல்லாந்தான் செய்யறேன், பூக்க மாட்டேன்னுது."

"எல்லாம் செய்வதுதான் தப்பு, தம்பி. வகுப்பில் கேள்வியும் நானே கேட்டு, பதிலும் நானே சொன்னால் பிள்ளை எப்போது வாய் திறப்பான்? வேட்டியை எடு. கஞ்சியை நீ குடி. எரு போடாதே, இலைதான் பெருகும். மண்ணில் சரளை கலந்து மேடாக்கு. தண்ணீர் தேங்கக் கூடாது. மண் நன்றாகக் காய்ந்த பிறகு ஒரு சொம்பு ஊற்று. மீதி வேலையை வெயில் பார்த்துக்கொள்ளும்."

சொல்வது சுலபம். வெயில் ஏறும்போதெல்லாம் மனிதர் வேட்டியும் கையுமாக வாசலில் நடந்திருக்கிறார். கடைசியில் சுபலட்சுமி வேட்டிகளைப் பீரோவில் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். போன வாரம் மொட்டு வைத்தது.

அன்புடையீர்! முப்பது ஆண்டாக வெயிலை எதிரியாகப் பார்த்த மனிதர், இன்று வெயில் வராதா என்று வானத்தைப் பார்த்து நிற்கிறாரே, அதோ, அந்த முகத்தைப் பாருங்கள்! பட்டுக்கு நிழல் கொடுத்தோம். பாவுக்கு நிழல் கொடுத்தோம். வண்டிக்கும் நிழல் கேட்கிறோம். இத்தனை நிழல் உள்ள தெருவில் வெயிலுக்கு ஓர் இடம் வேண்டாமா? நாலு ஊரைக் கேட்கிறோமா? நாலு தெருவைக் கேட்கிறோமா? நாலே முழம்!

என்ன சத்தம்? "சார், வெயிலு! திரும்பிப் பாருங்க சார், வெயிலு!" என்கிறார் சுபலட்சுமி. ஆம்! வந்துவிட்டது வெயில்! மேடையில் வெயில், மைக்கில் வெயில், என் வழுக்கையில் வெயில்! ஆனால்... மொட்டுகளின்மேல் மட்டும் நிழல் விழுகிறதே? கயிற்றுக்குக் கிழக்கே ஒரு வண்டி நிற்கிறது. யாருடைய வண்டி என்று நான் சொல்லப்போவதில்லை. நீங்கள் எல்லோரும் ஒரே ஆளைத்தான் பார்க்கிறீர்கள்.

அவர் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தால் போதும், கொட்டகை அவருக்குத்தான். எழுந்துவிட்டார். நடக்கிறார். "இன்னா சார் அப்டி பாக்கறீங்க? எப்டி கீதுன்னு நானும் பாக்க வேணாமா?" என்கிறார். ஸ்டாண்டை எடுக்கிறார். தள்ளுகிறார்! கை தட்டுங்கள், இப்போது வேகமாகத் தட்டுங்கள்!

பொறுங்கள். சத்தம் வேண்டாம். ஒரு மொட்டு அவிழ்கிறது. அதோ, நீலம். தனசேகரனை முந்திக்கொண்டு வீரபாகு செடியருகே மண்டியிட்டுவிட்டார். "த்தோடா... இத்தினூண்டு!" என்கிறார். ஆமாம் அப்பா, இத்தினூண்டுதான்.

தலைவி அவர்களே, தீர்மானத்துக்குக் கீழே எழுதிக்கொள்ளுங்கள்: முதல் பூ, காலை மணி பத்து பன்னிரண்டு. பொறுமையோடு கேட்ட பெரியோர்க்கும், தீய்ந்த சாம்பாரைத் தியாகம் செய்த தாய்மார்க்கும், வண்டியை நகர்த்திய வீரபாகுவுக்கும் என் நன்றி. இன்னும் பத்து மொட்டுகள் இருக்கின்றன. நான் இங்கேயே நின்றால் என் நிழல் அவற்றின்மேல் விழும். இறங்குகிறேன். வணக்கம்.