கேமராவை அது பக்கம் திருப்பு

— மெதுவாப் பிடிங்க, மெதுவா! அது என்ன உங்க ஸ்க்ரூ டிரைவரா?

— பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். நீ தேனைத் தடவு. ஈறுலடி, மூக்குல இல்ல.

— நடுங்குது பாருங்க.

— நடுங்காம? உள்ளங்கையில அடங்கற உடம்பு. நேரத்துக்கு ரெண்டு வாய் உள்ள போகலைன்னா சர்க்கரை இறங்கிடும், சிவாவா நாய் ஜாதிக்கே அப்படித்தான்னு டாக்டரம்மா தலைபாடா அடிச்சுக்கிட்டாங்க. கட்டுப் போட்டதுல இருந்து எதையும் தொடல. வலிடி அதுக்கு.

— பொட்டு, என் தங்கம், நக்குடா. அய், நக்கறாங்க!

— ம். தலையை அழுத்தாதே. உச்சிக்குழி மூடாத நாய்.

— எனக்குத் தெரியாதா? ரெண்டு மாசத்துல வந்து கூட்டிட்டுப் போறேன்னு உங்க பிள்ளை விட்டுட்டுப் போனதுல இருந்து நான்தானே பாக்கறேன்?

— அதான் கேக்கறேன். சோபாவுல இருந்து குதிச்சுதுன்னு டாக்டரம்மாகிட்ட சொன்னியே, எப்படி?

— எப்படின்னா? குதிச்சுது. நான் அடுப்படியில இருந்தேன்.

— இங்க பாரு. போன தடவை முன்னங்கால் உடைஞ்சப்பவே சோபாவுக்கு சாய்பலகை அடிச்சு வெச்சேன். வழுக்காம துண்டு சுத்தி. அது பலகை வழியா இறங்கித்தான் பழக்கம்.

— நாய்க்காகப் பொண்டாட்டிய விசாரணை பண்றீங்களா?

— இன்னும் கேளு. நான் மருந்துக்கடைக்குக் கிளம்பறப்போ அதைக் கூண்டுல விட்டு, வெளிக்கொக்கியை நானே மாட்டினேன். உள்ள இருந்த நாய் சோபாவுக்கு எப்படி வந்துச்சு?

— அழுதுச்சு. எடுத்து விட்டேன்.

— அழுதுச்சு. சரி. டாக்டரம்மா என்னைத் தனியாக் கூப்பிட்டு எக்ஸ்ரேயைக் காட்டினாங்க. விழுந்து உடைஞ்சா ஒரு மாதிரி இருக்குமாம், முறுக்கி உடைஞ்சா வேற மாதிரியாம். வீட்டுல சின்னப் பசங்க இருக்காங்களா சார்னு கேட்டாங்க. நான் என்னன்னு சொல்ல?

— போன் அடிக்குது! நம்ம பிள்ளைதான், வீடியோ! நான் அனுப்பின செய்தியைப் பாத்துட்டான். என் கண்ணாடி எங்க? தலை கலைஞ்சிருக்கா?

— நல்லாத்தான் இருக்கு, எடு. இரு, இரு, இந்த அழுக்குச் சட்டையை மாத்திக்கறேன்.

— கண்ணா! சாப்பிட்டியாப்பா? இளைச்சுட்டியே...

— அம்மா, கேமராவை அது பக்கம் திருப்பு. உன் நெத்திதான் தெரியுது.

— இதோப்பா, இதோ.

— அய்யோ பொட்டு! என் செல்லக்குட்டி! பின்னங்காலா? ரொம்ப வலிக்குதாடா? அப்பா இங்கதான் இருக்கேன்டா, அப்பாவைப் பாரு!

— உன் குரலைக் கேட்டு வாலை ஆட்டுதுப்பா.

— என்னம்மா பாத்துக்கறீங்க ரெண்டு பேரும்? ஒரு கைப்பிடி நாய். வீட்டுல வேற என்ன வெட்டி முறிக்கறீங்க?

— தப்புதான்பா. அப்பாவுக்குக்கூட ராத்திரியெல்லாம் நெஞ்சு...

— அது மேல என்ன பழைய துணி?

— நீ கைக்குழந்தையா இருந்தப்போ நான் பின்னின ஸ்வெட்டர்ப்பா. நல்ல கம்பளி. குளுருதேன்னு போட்டுவிட்டேன்.

— அரிக்கும்மா அதுக்கு. கழட்டித் தூக்கிப் போடு. கழுத்துப் பட்டை மாட்டலையே? மூச்சுக்குழாய் நசுங்கிடும்.

— மாட்டலப்பா. நெஞ்சுப் பட்டைதான்.

— சரி. கட்டுப் பிரிக்கற வரைக்கும் தினம் கூப்பிடறேன். பொட்டு, அப்பாவுக்கு ஒரு உம்மா குடு! வெச்சிடறேன்மா, வேலை இருக்கு.

— கண்ணா, அப்பாகிட்ட ஒரே ஒரு வார்த்தை... வெச்சுட்டான்.

— ம்.

— தினம் கூப்பிடறானாம்! கேட்டீங்களா? புதுக் கண்ணாடி போட்டிருக்கான். முகத்துக்கு நல்லா இருக்கு, இல்ல?

— நீதான் முறுக்கினே.

— என்னங்க...

— சொல்லு. நீதானே?

— நீங்க நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு ஆஸ்பத்திரியில கிடந்தப்போ அவன் என்ன பண்ணான்? அழுதுக்கிட்டே செய்தி அனுப்பினேன், கட்டைவிரல் படம் ஒண்ணு வந்துச்சு. எனக்குக் கண்ணு ஆபரேஷன்னேன், அந்தப் படம்கூட வரல. அப்புறம் பொட்டு விழுந்து முன்னங்கால் உடைச்சுக்கிச்சு. அது தானா விழுந்ததுதாங்க, சத்தியமா. அன்னிக்கு அவன் பேசின பேச்சு! கட்டுப் பிரிக்கற வரைக்கும் தினம் பேசினான். பிரிச்சாங்க, அவனும் நிறுத்திட்டான்.

— அதுக்காக உடைச்சியா? உன் மடியில தூங்கற ஜீவனை?

— தூங்கிக்கிட்டுத்தான் இருந்துச்சு. தீக்குச்சி மாதிரி காலு. கொஞ்சம்தான் திருப்பினேன். ஒரு கத்து கத்திட்டு, என் கையையே நக்குச்சுங்க.

— சீ! நீயெல்லாம் மனுஷியா? கொடு அதை. கொடுடீ இங்க! இனி உன் நிழல்கூட அது மேல படக்கூடாது. நானே ஊட்டறேன், நானே பக்கத்துல படுக்க வெச்சுக்கறேன்.

— வெச்சுக்குங்க. வேணும்னா அடிங்க. ஆனா நல்ல சட்டையாப் பாத்துப் போட்டுக்கிட்டு என் தோளுக்குப் பின்னாடி யாரு வந்து நின்னது? எக்கி எக்கி எட்டிப் பாத்தது யாரு?

— தேன் கிண்ணத்தை இப்படித் தள்ளு.

— நீங்க அழுதா என்னால தாங்க முடியாதுங்க.

— அழல. தேன் கண்ணுல பட்டுடுச்சு.

— அவன் உங்களைப் பாக்கவே இல்லைங்க. நாயைத்தான் பாத்தான்.

— தெரியும். பாவம்டி இது. பாரு, என் விரலைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டுத் தூங்குது.

— கூண்டுல விடுங்க. கை மரத்துடும்.

— இருக்கட்டும். காலு உடைஞ்சா போன் பண்றான்.

— ஆமா.

— செத்துப்போச்சுன்னா... நேர்ல வருவானாடி?